சேகோ ஆலை பயோகேஸுக்குப் புரோட்டான் கடத்தும் செராமிக் எரிபொருள் கலம் பொருந்துமா?

வசிஷ்டநதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆத்தூருக்கும் தலைவாசலுக்கும் இடையில் உள்ள ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். குச்சிக்கிழங்கை அரைத்து மாவுப்பால் எடுத்த பிறகு வெளியேறும் கழிவுநீரை மூடிய தொட்டியில் தேக்கி, அதிலிருந்து கிடைக்கும் பயோகேஸில் ஒரு பகுதியை வறுப்பு அடுப்புக்கும் மீதியை ஒரு கேஸ் என்ஜின் ஜெனரேட்டருக்கும் கொடுக்கிறோம். அடுப்பில் குறை எதுவும் இல்லை. தொல்லையெல்லாம் என்ஜினில்தான். வாயுவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ஜின் எண்ணெயை அமிலத்தன்மை அடையச் செய்வதால், செம்பு கலந்த புஷ்களும் பேரிங்குகளும் கறுத்து, அரிக்கப்பட்டுக் கிடப்பதைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறோம். என்ஜினை மாற்றலாமா, வேறு வழி உண்டா என்று முதலாளி கேட்டதிலிருந்து, எரிபொருளை நேரடியாக மின்சாரமாக்கும் எரிபொருள் கலங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வாகனங்களில் வைக்கும் பாலிமர் சவ்வு வகை தூய ஹைட்ரஜனைக் கேட்கிறது. எங்களிடம் இருப்பதோ ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேனும், மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடும் கொண்ட வாயு. சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) வகைக் கலம் மீத்தேனை ஏற்றுக்கொள்ளும் என்றாலும் 700, 800 டிகிரி செல்சியஸில் இயங்குவதால் அதன் உலோகப் பாகங்களின் விலையும் தேய்மானமும் அதிகம் என்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, 500 முதல் 600 டிகிரியில் இயங்கும் புரோட்டான் கடத்தும் செராமிக் கலம் என்று ஒன்று பேசப்படுகிறது. அதைப் பற்றித்தான் கேட்க விரும்புகிறேன்.

அந்தக் கலத்தில் பயன்படும் பேரியம் சிர்கோனேட், பேரியம் சீரேட் ஆகியவற்றின் வாய்பாட்டில் ஹைட்ரஜனே இல்லாதபோது, அவற்றின் வழியாகப் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) எப்படிக் கடக்கிறது என்பது என் முதல் ஐயம். அதைவிட என்னைக் குழப்புவது வேறொன்று. கார்பன் டை ஆக்சைடு பட்டால் பேரியம் செராமிக் சிதைந்து கார்பனேட்டாகிவிடும் என்று ஓரிடத்தில் படிக்கிறேன். அதே வகைக் கலம் மீத்தேனிலேயே ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓடியது என்று இன்னோரிடத்தில் படிக்கிறேன். மீத்தேனை எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வராமல் எங்கே போகும்? இரண்டில் எது உண்மை என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால், எங்கள் ஆலைக்கு இது ஆகுமா ஆகாதா என்பதை நானே முடிவு செய்துகொள்வேன்.

—

ஓமலூரான் எழுதியது:

வணக்கம் ஐயா. இந்தச் செராமிக் மின்பகுளிகளில்தான் (கலத்தின் இரு மின்முனைகளுக்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் பொருள்) என் ஆய்வு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புரோட்டான் வெளியிலிருந்து, நீராவியின் வழியாக வருகிறது. பேரியம் சிர்கோனேட் பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்பைக் கொண்டது. அதில் சிர்கோனியம் நான்கு நேர்மின்னேற்றம் உடைய அயனியாக அமர்ந்திருக்கிறது. அவற்றில் பத்துக்கு ஒன்றையோ இரண்டையோ எடுத்துவிட்டு மூன்று மின்னேற்றம் மட்டுமே உடைய இட்ரியத்தை வைத்தால், மின்னேற்றக் கணக்கைச் சரிக்கட்ட இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் அயனி இடத்தைக் காலி செய்கிறது. சூடான நிலையில் நீராவி அந்தப் படிகத்தைத் தொடும்போது, ஒரு நீர் மூலக்கூறு ஹைட்ராக்சில் அயனியாகவும் புரோட்டானாகவும் பிரிகிறது. ஹைட்ராக்சில் அந்தக் காலியிடத்தை நிரப்புகிறது, தனித்து நிற்கும் புரோட்டான் பக்கத்தில் இருக்கும் வேறோர் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கிறது. ஆக, ஒரு நீர் மூலக்கூறு உள்ளே போனால் நகரக்கூடிய இரண்டு புரோட்டான்கள் கிடைக்கின்றன.

அதன் பிறகு ஆக்சிஜன்கள் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன. புரோட்டான் மட்டும் தான் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைச் சுற்றித் திரும்பி, அடுத்த ஆக்சிஜன் அதிர்வினால் நெருங்கி வரும் கணத்தில் அதற்குத் தாவுகிறது. இதற்குத் தேவைப்படும் ஆற்றல் தடை அரை எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது. சிர்கோனியாவில் ஆக்சைடு அயனி முழுவதுமாக இடம்பெயர வேண்டியிருப்பதால் அங்கே தடை ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில் போய்விடுகிறது. வெப்பநிலையை இறக்கும்போது சிர்கோனியாவின் கடத்துதிறன் சரசரவென்று விழுவதும் இது நிதானமாகக் குறைவதும் இதனால்தான். நல்ல பேரியம் சிர்கோனேட்டின் பரல்களின் (அதைக் கட்டமைக்கும் நுண்படிகங்களின்) உட்பகுதி 500 டிகிரிக்கு அருகிலேயே சென்டிமீட்டருக்கு 0.01 சீமென்ஸ் என்ற அளவை எட்டுகிறது. சிர்கோனியா அதே அளவை எட்ட ஏறத்தாழ 700 டிகிரி வேண்டும்.

இவ்வகை ஆக்சைடுகளில் புரோட்டான் கடத்தலை 1981-இல் ஜப்பானில் இவாஹாராவும் உடன் பணியாற்றியவர்களும் ஸ்ட்ரான்சியம் சீரேட்டில் காட்டினார்கள். பேரியம் சீரேட் அதைவிட நன்றாகக் கடத்தியதால் பிறகு கவனம் அதன் பக்கம் திரும்பியது. உங்களைக் குழப்பும் முரண்பாடு தொடங்குவதும் இங்கேதான்.

இந்தப் படிகம் நீரை உள்ளே இழுத்துக்கொள்வதற்குக் காரணம் அதன் காரத்தன்மை. பேரியமும் சீரியமும் சேர்ந்த ஆக்சைடு மிக வலிய காரம். புரோட்டானை விரும்பி ஏற்கிறது. ஆனால் புரோட்டானை விரும்பும் காரம் கார்பன் டை ஆக்சைடையும் விரும்பும், ஏனென்றால் அதுவும் ஓர் அமில ஆக்சைடுதானே. பேரியம் சீரேட் உங்கள் வாயுவைச் சந்தித்தால் பேரியம் கார்பனேட்டாகவும் சீரியம் ஆக்சைடாகவும் பிரிந்துவிடும். 500, 600 டிகிரி என்பது அந்த வினைக்குத் தோதான வெப்பநிலை. எந்தக் குணத்துக்காக அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தோமோ அந்தக் குணமே அதைக் கெடுக்கிறது. நீங்கள் முதலில் படித்த செய்தி பேரியம் சீரேட்டைப் பொறுத்தவரை முழு உண்மை.

பேரியம் சிர்கோனேட் இந்த விதிக்கு ஓரளவு விலக்கு. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் குரோயர் செய்த ஆய்வுகள், அதன் பரல்களின் உட்பகுதி சீரேட்டுக்கு ஈடாகப் புரோட்டானைக் கடத்துவதையும், அதே வேளையில் கார்பன் டை ஆக்சைடை எதிர்த்து நிற்பதையும் எடுத்துக்காட்டின. 600 டிகிரியில் உங்கள் பயோகேஸில் உள்ள அளவுக்கு அது சிதையாது. அப்படியானால் எல்லோரும் அதையே பயன்படுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பயன்படுத்தத் தடையாக இருந்தது சூளை. அதன் தூளை இறுக்கி, துளையில்லாத தட்டாக்குவது பெரும் பாடு. இறுகினாலும் பரல்கள் மிகச் சிறியனவாகவே நின்றுவிடுவதால் எல்லைகள் பெருகி, அந்த எல்லைகளில் புரோட்டான் தடைபடுகிறது. உட்பகுதி எவ்வளவு நன்றாகக் கடத்தினாலும் அளந்து பார்க்கும்போது கிடைக்கும் மொத்தக் கடத்துதிறன் ஏமாற்றம் தரும்.

எனவே இன்று பெரும்பாலும் பயன்படுவது சிர்கோனியமும் சீரியமும் கலந்த நடுவழிக் கலவைகள்தாம். 2009-இல் ஜார்ஜியா டெக் குழு இட்ரியத்தோடு இட்டெர்பியத்தையும் சேர்த்து வெளியிட்ட கலவை பெயர்பெற்றது. அதில் சீரியமே மிகுதி. நீங்கள் இரண்டாவதாகப் படித்தது, கொலராடோ சுரங்கக் கல்லூரிக் குழு 2018-இல் வெளியிட்ட முடிவாக இருக்கலாம். மீத்தேன், புரோப்பேன், அம்மோனியா உட்படப் பல எரிபொருள்களில் 500 முதல் 600 டிகிரி வரை கலங்களை ஓட்டி, சில கலங்களை 6000 மணிநேரத்துக்கு மேலும் இயக்கி, பெரும்பாலானவற்றில் ஆயிரம் மணிநேரத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கும் குறைவான தேய்வையே கண்டார்கள். இரண்டு செய்திகளும் உண்மைதான். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை அல்ல.

—

வெள்ளைக்கல் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். சேலம் மேக்னசைட் சூளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எரிபொருள் கலம் எனக்குப் புதிது. ஆனால் ஓமலூரான் தம்பி சூளை என்று எழுதியதும் இரண்டு சொற்கள் சொல்லத் தோன்றியது.

கார்பனேட் ஆகும் விஷயம் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு விளங்கக்கூடியதே. கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். அது 600 டிகிரியை ஒட்டியே கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடும். சுண்ணாம்புக்கல் விடுவதற்கு 900 டிகிரி வேண்டும். ஸ்ட்ரான்சியம் அதற்கும் மேலே. பேரியம் கார்பனேட்டோ 1300 டிகிரியைத் தாண்டினால்தான் முழுதாகக் கைவிடுகிறது. தனிம அட்டவணையில் கீழே போகப் போகப் பிடி இறுகுகிறது. பேரியம் கலந்த பொருளை 600 டிகிரியில் அந்த வாயுவின் நடுவே வைத்துவிட்டு அது வாயுவைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரிய எதிர்பார்ப்புதான். சிர்கோனியம் அதை அடக்கி வைக்கிறது என்றால் சிர்கோனியத்துக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும்.

இறுக்கும் வேலையைப் பற்றி. வெள்ளைக்கல்லை முழுச்சூட்டில் எரிப்பதற்கே நாங்கள் 1600 டிகிரிக்கு மேல் போவோம். பேரியம் சிர்கோனேட்டின் உருகுநிலை 2600 டிகிரியைத் தாண்டும் என்று கையேட்டில் பார்த்தேன். அப்படிப்பட்ட பொருளின் தூளை வெறும் சூட்டினால் மட்டும் இறுக்க வேண்டுமானால் 1700 டிகிரி அளவில் நெடுநேரம் வைத்தாக வேண்டும், அதற்குள் பேரியம் ஆவியாகி வெளியேறத் தொடங்கிவிடும். அப்படி வெளியேறினால் மேற்பரப்பில் கலவை விகிதம் மாறிப்போகும். இதற்கு ஆய்வகங்களில் என்ன செய்கிறார்கள் என்று தம்பி எழுதினால் அறிந்துகொள்வேன்.

இன்னொன்று. தூளை அழுத்திச் செய்த வில்லைகளை அலுமினாத் தட்டின் மேல் வைத்துச் சுடுகிறீர்களா? பேரியம் அலுமினாவோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது வில்லையின் அடிப்பக்கம் தட்டோடு பிய்ந்து வரும். மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) தட்டு அதைவிட நல்லது. ஆனால் சேலம் வெள்ளைக்கல்லிலிருந்து வந்த மெக்னீசியாவை அப்படியே எடுத்துப் பயன்படுத்திவிட வேண்டாம். அதில் சிலிக்கா கலப்பு உண்டு, பேரியத்துக்குச் சிலிக்காவும் ஆகாது. தூய மெக்னீசியாவைத்தான் வாங்க வேண்டும். வெள்ளைக்கல் மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு மெக்னீசியாவை வெளியூரிலிருந்து வரவழைக்கச் சொல்வது எனக்கே ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது.

—

ஓமலூரான் எழுதியது:

ஐயா சொன்ன அலுமினா விஷயம் முற்றிலும் சரி. புதிதாக ஆய்வுக்கு வரும் மாணவர்கள் ஒவ்வொருவரும் வில்லையின் அடியைப் பிய்த்துத்தான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். பேரியம் வெளியேறாமல் இருக்க, வில்லையை அதே கலவையின் தூளுக்குள் முழுதாகப் புதைத்து மூடிச் சுடுகிறோம். சுற்றியுள்ள தூள் பேரிய ஆவியைக் கொடுத்துவிடுவதால் வில்லை தன்னுடையதை இழப்பதில்லை. சில வேளைகளில் அந்தத் தூளில் பேரியம் கார்பனேட்டைச் சற்று மிகுதியாகவும் சேர்ப்பது உண்டு.

சூட்டைக் குறைக்கும் வழி நிக்கல் ஆக்சைடு. ஒன்று, இரண்டு விழுக்காடு நிக்கல் ஆக்சைடைச் சேர்த்தால், பேரியமும் இட்ரியமும் நிக்கலும் சேர்ந்த ஓர் இடைநிலைப் பொருள் உருகிப் பரல்களுக்கிடையே பரவி, 1400 முதல் 1500 டிகிரிக்குள்ளேயே தட்டு இறுகிவிடுகிறது. பரல்களும் பெரிதாக வளர்கின்றன. அதுமட்டுமல்லாமல், பேரியம் கார்பனேட், சிர்கோனியம் ஆக்சைடு போன்ற மூலப்பொருள்களையே கலந்து பூசி, சேர்மம் உருவாவதையும் இறுகுவதையும் ஒரே சூட்டில் முடிக்கும் முறை வந்த பிறகு செலவு பெரிதும் குறைந்தது. எரிபொருள் பக்க மின்முனையில் எப்படியும் நிக்கல் இருப்பதால், அந்தத் தடித்த அடித்தட்டின் மேல் மெல்லிய மின்பகுளிப் படலத்தைப் பூசி இரண்டையும் ஒன்றாகச் சுட்டால், தனியே நிக்கல் சேர்க்காமலேயே அடியிலிருந்து அது மேலேறி வேலையைச் செய்துவிடுகிறது. சுடுவதற்கு முன் பச்சையாகத் தெரியும் அந்தத் தட்டு, கலத்தில் ஹைட்ரஜன் பட்டு நிக்கல் ஆக்சைடு உலோகமாக ஒடுங்கியதும் சாம்பல் நிறமாகிவிடும்.

பேரியம் சிர்கோனேட் எளிதில் அரிக்கப்படாது என்பதற்கு ஒரு சான்று சொல்லவேண்டும். 1990-களில் மீகடத்திப் (மின்தடையே இல்லாமல் கடத்தும் பொருள்) படிகங்களை வளர்த்தவர்களுக்குப் பேரியம், செம்பு ஆக்சைடு உருகல் எந்த உருக்குப் பாத்திரத்தையும் தின்றுவிடுகிறது என்பது தீராத தலைவலியாக இருந்தது. கடைசியில் கைகொடுத்தது பேரியம் சிர்கோனேட்டால் செய்த பாத்திரம்தான்.

—

இரும்பாலை எழுதியது:

வசிஷ்டநதி அவர்களுக்கு வணக்கம். துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் துறையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், கலத்தின் செராமிக் பகுதியை விட்டுவிட்டு உலோகப் பகுதியைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு கலம் தருவது வேலைநேரத்தில் முக்கால் வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம்தான். ஆகவே பல கலங்களை அடுக்க வேண்டும். ஒவ்வொரு கலத்துக்கும் இடையே, இருபக்க வாயுக்களும் கலக்காமல் தடுத்துக்கொண்டே மின்னோட்டத்தைக் கடத்தும் ஒரு தட்டு வேண்டும். 900 டிகிரியில் அதற்குச் செராமிக் தட்டோ விலையுயர்ந்த உலோகக் கலவையோதான் தாங்கும். 600 டிகிரிக்கு இறங்கினால் ஃபெரிட்டிக் வகைத் துருப்பிடிக்காத எஃகே போதும். அந்த வகை சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. நம் இரும்பாலையில் நாணய வில்லைகள் வெட்டப்பட்டது அந்த வகைத் தகட்டிலிருந்துதான், 83 பங்கு இரும்பும் 17 பங்கு குரோமியமும் கொண்டது. வீட்டுப் பாத்திரங்களுக்குப் போகும் நிக்கல் கலந்த வகை இதற்கு ஆகாது. வெப்பத்தில் அது மிகுதியாக விரிவதால், ஏறத்தாழ அதில் பாதியளவே விரியும் செராமிக் தட்டு விரிசல் கண்டுவிடும்.

இருந்தாலும் நாணயத் தகட்டை அப்படியே வைத்துவிட முடியாது. அதில் இருக்கும் சிலிக்கான் வெப்பத்தில் மேலேறி, மின்சாரம் கடத்தாத மெல்லிய சிலிக்காப் படலமாகப் படிந்துவிடும். அதனால்தான் இந்த வேலைக்கென்று குரோமியத்தை 22 விழுக்காடு அளவுக்கு உயர்த்தி, சிலிக்கானையும் அலுமினியத்தையும் மிகவும் குறைத்த எஃகு செய்கிறார்கள்.

கட்டுரைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். புரோட்டான் கடத்தும் கலத்தில் தண்ணீர் காற்றுப் பக்கத்தில் உருவாகிறது. எரிபொருள் நீராவியால் நீர்த்துப் போவதில்லை என்பதால் இதை ஒரு பெரிய நன்மையாகச் சொல்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் சூடான ஈரக்காற்று குரோமியத்துக்குப் பகை. ஆக்சிஜனும் நீராவியும் சேர்ந்தால் குரோமியம் ஹைட்ராக்சைடு வடிவில் ஆவியாகிச் சென்று, காற்றுப் பக்க மின்முனையில் படிந்து அதை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும். வெப்பநிலை குறைவு என்பது ஓரளவு காப்பாற்றும். ஈரம் அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மாங்கனீசு, கோபால்ட் ஆக்சைடு பூச்சு பூசிய தகடுதான் இதற்குத் தீர்வு என்பதால், எஃகு மலிவு என்ற கணக்கைப் பூச்சின் விலையையும் சேர்த்தே போட வேண்டும்.

—

வசிஷ்டநதி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சீரேட்டும் சிர்கோனேட்டும் வேறு வேறு என்ற விளக்கம் கிடைத்ததும் நான் படித்தவையெல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டன. இனி என் ஆலைக்கு வருகிறேன். ஓமலூரான் அவர்களே, சிர்கோனியம் மிகுந்த கலவையால் செய்த கலம் ஒன்று கைக்குக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் தொட்டியிலிருந்து வரும் வாயுவை நேராக அதில் விட முடியுமா? என்ஜினோடு ஒப்பிட்டால் எவ்வளவு மின்சாரம் கூடும்? கிழங்கு வரத்து நின்றதும் ஆலை சில மாதங்கள் மூடிக்கிடக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டுகிறேன்.

—

ஓமலூரான் எழுதியது:

நேராக விட முடியாது ஐயா. கந்தகம்தான் முதல் தடை.

கலத்தின் எரிபொருள் பக்கத்தில் மீத்தேனைப் பிரிப்பது நிக்கல். ஹைட்ரஜன் சல்ஃபைடு நிக்கலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வேலைசெய்யும் இடங்களை அடைத்துவிடும். வெப்பநிலை குறையக் குறைய அந்தப் பிடி வலுக்கும். நான் முன்பு சொன்ன 2018 ஆய்வில் கந்தகத்தால் பாதிப்பு இல்லை என்று கண்டது, கடைகளில் விற்கும் எரிவாயுவில் உள்ள சிறிய அளவுக்குத்தான். உங்கள் பேரிங்குகளை அரிக்கும் அளவு அதைவிடப் பல மடங்கு இருக்கும். என்ஜின் தாங்கும் அசுத்தத்தை எரிபொருள் கலம் தாங்காது என்பதை முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆகவே இரும்புத் துரு நிரப்பிய தொட்டி வழியாக வாயுவைச் செலுத்தி, பிறகு கரித்தூள் படுக்கை ஒன்றிலும் விட்டு எடுக்க வேண்டும். துருத் தொட்டி கறுத்து, வேலை முடிந்ததும் திறக்கும்போது கவனம் வேண்டும். உள்ளே உருவான இரும்பு சல்ஃபைடு காற்றுப் பட்டதும் சூடேறித் தீப்பற்றக்கூடியது, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே வெளியே அள்ள வேண்டும். ஜவ்வரிசியின் வெண்மைக்காகக் கந்தக அமிலம் சேர்க்கப்படும் ஆலையாக இருந்தால், தொட்டியில் உருவாகும் சல்ஃபைடில் நல்ல பங்கு அந்தச் சல்ஃபேட்டிலிருந்தே வருகிறது. அமிலத்தைக் குறைத்தால் வாயுவைச் சுத்தம் செய்யும் செலவும் குறையும்.

இரண்டாவது தடை நீராவி. சிர்கோனியாக் கலத்தில் ஆக்சிஜன் எரிபொருள் பக்கத்துக்கு வந்து அங்கேயே தண்ணீரை உருவாக்குவதால், அந்த நீராவி மீத்தேனைப் பிரிக்க உதவும். புரோட்டான் கலத்தில் ஹைட்ரஜன் மட்டும் வெளியே போகிறது, கார்பன் பின்தங்குகிறது. அதை முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக்கத் தேவையான ஆக்சிஜனை, ஒரு மீத்தேனுக்கு இரண்டு நீர் என்ற கணக்கில், நாம்தான் நீராவியாகக் கொடுத்தாக வேண்டும். உங்கள் வாயுவில் ஏற்கெனவே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மீத்தேனோடு வினைபுரிந்து ஓரளவு உதவும் என்றாலும் அதை மட்டும் நம்பினால் நிக்கலின் மேல் கரி படியும். நைலான் ஜவ்வரிசி (ஆவியில் வேகவைக்கும் வகை) போடும் ஆலைகளில் பாய்லர் இருக்கிறது, அங்கே இது சிக்கலில்லை. வறுப்பு மட்டுமே உள்ள ஆலையில் கலத்திலிருந்து வெளிவரும் சூடான காற்றைக் கொண்டு சிறிய ஆவியாக்கி ஒன்றை ஓட்ட வேண்டியிருக்கும்.

மின்சாரக் கணக்கு இவ்வாறு வரும். ஒரு கன மீட்டர் மீத்தேனில் ஏறத்தாழ 10 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் உண்டு. 60 விழுக்காடு மீத்தேன் உள்ள உங்கள் வாயுவில் 6 யூனிட். நல்ல நிலையில் உள்ள சிறிய என்ஜின் 30 விழுக்காடு மாற்றினால் 1.8 யூனிட் கிடைக்கும். கலம் 50 விழுக்காடு மாற்றும் என்று கொண்டால் 3 யூனிட். 600 டிகிரியில் கலத்தின் கோட்பாட்டு மின்னழுத்தம் 1.03 வோல்ட்டை ஒட்டியது. சிர்கோனேட்டில் காற்றுப் பக்கத்திலிருந்து எலக்ட்ரான் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்னேற்றம்போல் நகரும் இடங்கள்) சிறிது கசிவதால் அந்த மின்னழுத்தத்தில் ஒரு பகுதி வீணாகும் என்பதையும் சேர்த்துத்தான் 50 என்று எடுத்திருக்கிறேன். காற்றை ஈரமாக வைத்தால் கசிவு குறையும். அந்த ஈரமே இரும்பாலை ஐயா சொன்ன குரோமியத் தொல்லையைக் கூட்டும். இந்தத் துறையில் எதைத் தொட்டாலும் இப்படித்தான் இன்னொன்று இடிக்கிறது.

வெளிவரும் வெப்பத்தையும் விட்டுவிட வேண்டாம். வறுப்புக்கு உங்களுக்கு எப்படியும் சூடு வேண்டும். கலத்தின் வெளியேற்றக் காற்றை அங்கே திருப்பினால் அடுப்புக்குப் போகும் வாயுவில் ஒரு பங்கு மிஞ்சும்.

ஆலை மூடும் காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கலத்தை அணைப்பது என்ஜினை அணைப்பதைப் போல் எளிதல்ல. சூட்டோடு எரிபொருளை நிறுத்திவிட்டால் காற்று உள்ளே கசிந்து நிக்கலை மீண்டும் ஆக்சைடாக்கும். உலோகம் ஆக்சைடாகும்போது கனஅளவு பெருகி மேலே இருக்கும் மெல்லிய மின்பகுளிப் படலத்தைப் பிளந்துவிடும். எனவே பயோகேஸை முதலில் நிறுத்தி, சிறிதளவு ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனை விட்டுக்கொண்டே மணிக்குச் சில பத்து டிகிரி வீதம் இறக்க வேண்டும். பயோகேஸை உள்ளே தேக்கியபடி ஆறவிடவே கூடாது. 500 டிகிரிக்குக் கீழே போகப் போகச் சிர்கோனேட்டுக்கும் கார்பன் டை ஆக்சைடைத் தாங்கும் வலு குறைந்துகொண்டே வரும். ஆண்டுக்கு ஒருமுறை மூடித் திறப்பதைக் கலம் தாங்கும். மின்வாரிய மின்சாரம் வந்ததும் நிறுத்தி, போனதும் ஓட்டும் ஜெனரேட்டராக இதை நினைத்தால் ஒரு பருவம்கூட நிற்காது.

இவ்வளவும் எழுதிவிட்டு, இன்று வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். சிர்கோனியாக் கலங்கள் சந்தையில் கிடைக்கின்றன; புரோட்டான் செராமிக் கலம் இன்னும் ஆய்வகங்களையும் சோதனை அடுக்குகளையும் தாண்டி ஆலை வாசலுக்கு வரவில்லை. துருத் தொட்டியை மட்டும் இந்தப் பருவத்திலேயே வையுங்கள். இப்போதுள்ள என்ஜினின் பேரிங்குகள் பிழைக்கும். பிற்காலத்தில் எந்த வகைக் கலம் வந்தாலும் அதன் முன்னால் இதே தொட்டியைத்தான் வைக்கப்போகிறீர்கள். தொட்டிக்கு முன்னும் பின்னும் வாயு மாதிரி எடுக்க இரண்டு வால்வுகளையும் பொருத்திவிடுங்கள். பின்பக்க அளவு ஏறத் தொடங்கினால் துருவை மாற்ற வேண்டும் என்று பொருள்.